பந்து திரும்பவில்லை, சீக்கிரம் திரும்புகிறது, 10-ம் பின் விழவில்லை: லேன் எண்ணெயும் பவுலிங் பந்தும்

டென்பின் பவுலிங்கில் இரண்டு முறை பின் விழாமல் போனதும் கை நேராகப் பையிலிருக்கும் அடுத்த பந்தைத் தேடிப் போகும். பெரும்பாலும் அது தேவையில்லாத அவசரம். பின்கள் நிற்பது ஃபவுல் லைனிலிருந்து (பந்தை வீசும் கோடு) 60 அடியில். கோளாறு நடந்திருப்பது 20-வது அடியிலோ 40-வது அடியிலோ. ஆகவே எந்தப் பின் நிற்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், பந்து எங்கே வழுக்குவதை விட்டது, எங்கே திரும்பியது, கடைசிப் பத்து அடியில் என்ன செய்தது என்று பாருங்கள். முதலில் கால் வைக்கும் இடத்தை மாற்றுங்கள். அது பலிக்காவிட்டால் பந்தை மாற்றுங்கள். கை அசைவில் கைவைப்பது கடைசி.

இங்கே சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் இடம் வலத்தையும் பின் எண்களையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்: 10-க்கு 7, 9-க்கு 8, 4-க்கு 6.

கையில் இருக்க வேண்டிய சில எண்கள்

லேனின் (பந்து ஓடும் பாதை) அகலம் 39 போர்டு, அதாவது நீளவாக்கில் ஓடும் 39 பட்டைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். வலது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். அம்புக்குறிகள் 5, 10, 15 என ஐந்து போர்டுக்கு ஒன்றாக, ஏறக்குறைய 12 முதல் 16 அடிக்குள் இருக்கும். பாக்கெட், அதாவது 1-ம் பின்னுக்கும் 3-ம் பின்னுக்கும் நடுவே பந்து நுழைய வேண்டிய இடம், 17.5-வது போர்டில்.

எண்ணெய் லேன் முழுக்கப் பூசப்படுவதில்லை. ஃபவுல் லைனுக்கு அருகில் தொடங்கி, பூச்சு அமைப்பைப் பொறுத்து 32 அடியிலிருந்து 50 அடி தாண்டியும் கூடப் போகும். அதற்கு அப்பால் உலர்ந்த தரை. பொழுதுபோக்குக்கு ஆடும் அரங்குகளில் வழக்கமாகப் போடும் ஹவுஸ் அமைப்பு 40 அடியை ஒட்டி இருக்கும். அதில் நடுப்பகுதியின் எண்ணெய் ஓரங்களில் இருப்பதைப்போல் பத்து மடங்கு வரை போகும். பந்து வெளியே தப்பினால் உலர்ந்த ஓரம் அதைத் திருப்பிக் கொண்டுவரும், உள்ளே தப்பினால் நடு எண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்கும். போட்டிகளுக்கான ஸ்போர்ட் அமைப்புகளில் அந்த வித்தியாசம் மூன்று மடங்கை ஒட்டியே இருக்கும் என்பதால் இந்தச் சலுகை கிடைக்காது. ஹவுஸ் அமைப்பில் 200 அடிக்கிறவர் அங்கே 160-க்குத் தடுமாறுவது அதனால்தான்.

பந்தின் ஓட்டத்தில் மூன்று கட்டங்கள்: வழுக்கல், திரும்பல், உருளல். பாக்கெட்டை நெருங்கும்போது பந்து உருளத் தொடங்கியிருக்க வேண்டும், நுழையும் கோணம் 6 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி நுழைந்த பந்து 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே தொடும். மற்ற ஆறையும் பின்களே சாய்த்துக்கொள்ளும். பந்து பின் மேடையை விட்டு வெளியேறும் இடம் 20-வது போர்டை ஒட்டி, அதாவது நடுவில் இருந்தால் சக்தி மிச்சமிருந்தது என்று பொருள். 9-ம் பின் பக்கமாக வலப்புறம் ஒதுங்கி விழுந்தால் பின்கள் பந்தைத் தள்ளிவிட்டன.

வேகத்தைத் திரையில் காட்டும் எண்ணை வைத்து அடுத்த அரங்கோடு ஒப்பிடாதீர்கள். எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பது அரங்குக்கு அரங்கு மாறும். கைப்பேசியில் படம் பிடித்து, ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை ஆகும் நேரத்தைப் பாருங்கள். 2.4 விநாடி என்றால் சராசரி மணிக்கு 17 மைல் (27 கி.மீ.), 2.1 விநாடி என்றால் 19.5 மைல், 2.7 விநாடி என்றால் 15 மைல்.

அறிகுறி: பந்து திரும்பவே இல்லை, 3-ம் பின் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகிறது

முதலில் எண்ணெயின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால், எண்ணெய் முடியும் இடத்தில் பந்து எந்தப் போர்டில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு தொடக்கக் கணக்கு கிடைக்கும். 40 அடிக்கு 9, 35 அடிக்கு 4, 44 அடிக்கு 13. நீளமான எண்ணெயில் ஏழாவது போர்டுக்கு வீசிவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. திரும்பி வர அங்கே தரை மிச்சமில்லை. 50 அடி தாண்டும் அமைப்புகளில் இந்தக் கணக்கு பாக்கெட்டுக்கும் உள்ளே ஓர் எண்ணைத் தரும். அங்கே அதை மறந்துவிட்டு, பாக்கெட்டை நோக்கி நேர்கோட்டுக்குக் கிட்டத்தட்ட வீசுவதுதான் வழி.

கோடு சரியாக இருந்தும் வழுக்கினால் வேகத்தைப் பாருங்கள். பந்து வரவில்லை என்றதும் பலர் இன்னும் ஓங்கி வீசுகிறார்கள், அது இன்னும் வழுக்கும். தொடக்க நிலையில் பந்தை 5 முதல் 8 செ.மீ. தாழ்த்திப் பிடித்தால் ஊசலின் உயரம் குறைந்து வேகம் தானாக இறங்கும். கையால் வேகத்தைக் குறைக்க முயன்றால் மணிக்கட்டு இறுகும், பந்தின் சுழற்சியும் சேர்ந்து குறையும்.

அடுத்தது பந்தின் மேற்பரப்பு. பந்தைத் தேய்க்கும் அப்ரலான் பேடுகளின் எண் குறையக் குறைய சொரசொரப்பு கூடும்: 500, 1000 அடர்ந்த எண்ணெயைக் கடித்துப் பிடிக்கும், 3000, 4000 வழவழப்பானவை, பாலிஷ் அதற்கும் மேலே. பாலிஷ் போட்ட பேர்ல் (பளபளப்பான கவர்) வகை ரியாக்டிவ் பந்தை, அதாவது எண்ணெயை உறிஞ்சும் கவர் கொண்ட பந்தை, அடர்ந்த எண்ணெயில் போட்டுவிட்டு பந்து சரியில்லை என்பது, தேய்ந்த டயரோடு மழையில் பிரேக் அடிப்பதைப் போன்றது. அங்கே வேண்டியது 1000 அல்லது 2000-த்தில் தேய்த்த சாலிட் ரியாக்டிவ்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எந்த லேனிலும் திரும்பவில்லை என்றால் ‘பந்து செத்துவிட்டது’ பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: சீக்கிரமே திரும்பிவிடுகிறது, பின்னருகே சோர்ந்துவிடுகிறது

இதில் இரண்டு வகை உண்டு. குழப்பினால் சிகிச்சை தலைகீழாகிவிடும்.

முதல் வகையில் பந்து சீக்கிரம் திரும்பி, சக்தியோடு தலைப்பின்னின் (1-ம் பின்) இடப்பக்கம் வரை வந்துவிடுகிறது. நிற்கும் பின்கள் 4, 4-9, மோசமானால் 4-6-7-10. இது வெறும் கோட்டுப் பிரச்சினை. இலக்கை மாற்றாமல் காலை மட்டும் ஒரு போர்டு இடப்பக்கம் நகர்த்தினால், 15 அடியில் இருக்கும் அம்புக்குறியைச் சுற்றிப் பாதை சாய்ந்து, 60-வது அடியில் பந்து மூன்று போர்டு வலப்பக்கம் போகும். மூன்று போர்டு உள்ளே வந்தால் கால் ஒரு போர்டு. அவ்வளவுதான் கணக்கு. லேன் உலர்ந்துகொண்டு வருகிறது என்று தெரிந்தால் இது போதாது: கால் 2 போர்டு, கண் (இலக்கு) 1 போர்டு என்று இரண்டையும் இடப்பக்கம் நகர்த்தி, எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வகைதான் ஏமாற்றும். பந்து 25-30 அடியிலேயே திரும்பி, உருண்டு, கடைசிப் பத்து அடியை நேர்கோட்டில் கடக்கிறது. பாக்கெட்டுக்கு வருகிறது, ஆனால் மோதல் லைட், அதாவது தலைப்பின்னை 3-ம் பின் பக்கமாக மெல்லத்தான் தொடுகிறது. 5-ம் பின்னோ, 8-10 ஸ்பிளிட்டோ (இடைவெளி விட்டு நிற்கும் பின்கள்) நிற்கிறது. லைட் ஆகிறதே என்று காலை வலப்பக்கம் நகர்த்துகிறார்கள். அங்கே இன்னும் உலர்ந்த தரை, பந்து இன்னும் முன்பாகவே தன் சக்தியைச் செலவழிக்கும், மோதல் இன்னும் சோரும்.

எது என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு சோதனை: அதே கோடு, அதே பந்து, வேகம் மட்டும் ஒரு மைல் கூட. மோதல் பலமானால் பந்து முன்பாகவே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நகருங்கள், அல்லது 1000-இல் தேய்த்த பந்தை வைத்துவிட்டு 3000-மோ பாலிஷோ எடுங்கள். மோதல் இன்னும் லைட் ஆனால் பந்து உண்மையிலேயே வழுக்குகிறது. முந்தைய பகுதியின் மருந்துதான் இதற்கும்.

அறிகுறி: பாக்கெட்டில் அடித்தும் 10-ம் பின் நிற்கிறது

இதில் பார்க்க வேண்டியது 10-ஐ அல்ல, 6-ஐ. 6-ம் பின் பறந்து 10-ன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போனால், பந்தில் சக்தி இருக்கிறது, கோணம் மயிரிழை தப்பியிருக்கிறது. காலை அரை போர்டு அல்லது ஒரு போர்டு மாற்றுங்கள், அல்லது வேகத்தில் சிறு மாற்றம் செய்யுங்கள். இதற்காகப் பந்தை மாற்றுகிறவர்கள் நல்ல பந்தைப் பைக்குள் அனுப்புகிறார்கள்.

6-ம் பின் படுத்து, வலப்பக்கக் கால்வாயில் சோம்பலாக விழுந்துகிடந்தால் கதை வேறு. பின்கள் பந்தை ஒதுக்கித் தள்ளிவிட்டன. பந்து எங்கே வெளியேறியது என்று பார்த்தால் இது உறுதியாகும்: நடுவில் இல்லாமல் வலப்பக்கம் போயிருக்கும். ஆனால் ஒதுங்குவதற்குக் காரணம் இரண்டு, இரண்டும் எதிரெதிர். சீக்கிரம் உருண்டு சக்தி இழந்த பந்தும் ஒதுங்கும். தாமதமாகத் திரும்பி, பின்னைத் தொடும்போதும் இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கும் பந்தும் ஒதுங்கும். கடைசிப் பத்து அடியைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நேர்கோடு என்றால் முதலாவது. வழவழப்பான பந்து, அல்லது இடப்பக்கம். கடைசி நொடியில் வெடுக்கென்று வளைவு என்றால் இரண்டாவது. பாலிஷைக் கழற்றி 3000, 2000 என்று கீழே வாருங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

9 மட்டும் தனியாக நின்றால் கோணம் செங்குத்தாகிவிட்டது. அதை நல்ல அடி என்று விட்டுவிடாமல் காலை ஒரு போர்டு இடப்பக்கம் நகர்த்துங்கள். அடுத்ததாக நிற்கப்போவது பெரும்பாலும் 4.

அறிகுறி: ஒரு போர்டு வெளியே போனால் பாய்கிறது, ஒரு போர்டு உள்ளே போனால் வழுக்குகிறது

புதிதாக எண்ணெய் போட்ட ஹவுஸ் அமைப்பில், அதுவும் பழைய லேன் பரப்பில் இது சகஜம். எண்ணெயும் உலர்ந்த தரையும் சந்திக்கும் ஓரம் சுவர்போல நிற்கிறது. பளபளப்பான பேர்ல் பந்து அந்த வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும்: எண்ணெயில் துளியும் பிடிக்காது, உலர்ந்த தரையைத் தொட்டதும் துள்ளும். இந்த நேரத்தில் பலமான பந்து உதவாது. மென்மையான சாலிட், அல்லது யூரித்தேன். யூரித்தேன் எண்ணெயையும் உலர்ந்த தரையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்தும். வளைவு நீளமாக, அமைதியாக இருக்கும். 35 அடி போன்ற குட்டை அமைப்புகளில் பலரும் அதை எடுப்பதற்கும் இதே காரணம்.

யூரித்தேனுக்கு ஒரு விலை உண்டு. அதன் கவர் ரியாக்டிவைப்போல எண்ணெயை உறிஞ்சாது. முன்னால் தள்ளிக்கொண்டு போகும். உலர்ந்திருந்த பின்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் சேரும். இரண்டு ஆட்டம் அற்புதமாக ஓடிய யூரித்தேன் மூன்றாவதில் 2-8, 2-4-5 என்று லைட் அடிகளாகத் தந்தால், அது தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டது.

அறிகுறி: முதல் ஆட்டம் நன்றாகப் போனது, இப்போது எதுவும் சரியில்லை

லேன் மாறியிருக்கிறது. ஒவ்வொரு ரியாக்டிவ் பந்தும் ஒரு பங்கு எண்ணெயை எடுத்துக்கொண்டுதான் திரும்பி வருகிறது. எல்லோரும் பயன்படுத்தும் இரண்டாவது அம்புக்குறியைச் சுற்றி, 10-வது போர்டில், முதலில் பள்ளம் விழும். இன்றைய பந்துகளோடு இது நடக்கும் வேகம் அதிகம். நாலைந்து பேர் ரியாக்டிவ் பந்துகளோடு ஆடினால் இரண்டாவது ஆட்டத்திலேயே தெரியும். ஹை அடி (தலைப்பின்னின் நடுவையோ இடப்பக்கத்தையோ தொடும் அடி) இரண்டு முறை வந்தாலே கால் 2, கண் 1 என்று நகரத் தொடங்குங்கள். மூன்றாவது முறைக்காகக் காத்திருப்பது ஒரு ஸ்பிளிட்டுக்காகக் காத்திருப்பது.

இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போய், கால் 30-வது போர்டைத் தாண்டியபிறகு பந்து திரும்பிப் பாக்கெட்டுக்கு வரவில்லை என்றால் அதுதான் பந்து மாற்றும் நேரம். இப்போது வேண்டியது முன்பகுதி உலர்ச்சியைச் சத்தமில்லாமல் கடந்து, பின்பகுதியில் திரும்பும் வழவழப்பான பேர்ல். புதிய எண்ணெயில் திட்டு வாங்கிய அதே பந்துதான்.

இரட்டை லேன்களில் மாறி மாறி ஆடும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள். பரப்பில் மிகச் சிறிய சாய்வு இருந்தாலும் பந்து வேறாகப் போகும். இரண்டுக்கும் தனித்தனிக் கால் இடத்தைக் குறித்து வையுங்கள்.

அறிகுறி: எந்த லேனில் போட்டாலும் பந்து செத்துவிட்டது

இங்கே பிரச்சினை லேனில் இல்லை. பந்தை ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். தடம் (உருளும்போது லேனைத் தொடும் பட்டை) படாத பக்கத்தில் விளக்கின் பிம்பம் மங்கலாக, ஓரம் கலைந்து தெரியும். தடத்தின் மேல் வரும்போது அதே பிம்பம் கண்ணாடியில்போலக் கூர்மையாகிவிட்டால், லேன் அந்தப் பட்டையைத் தேய்த்து மெருகேற்றிவிட்டது. 1000-இல் தேய்த்த பந்து ஆட ஆட வழவழப்பாகும். பாலிஷ் போட்டதோ சொரசொரப்பாகும். இரண்டும் நடுவில் ஏதோ ஓரிடத்துக்கு வந்து நிற்கும். புதிதில் ஆடியதுபோல இல்லையே என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரிசெய்ய அப்ரலான் பேடை நனைத்துக்கொள்ளுங்கள். பந்தை நான்கு பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் தேய்க்க வேண்டும்: கையால் என்றால் பக்கத்துக்கு ஒரு நிமிடம், சுழல் இயந்திரம் என்றால் அரை நிமிடம். 2000 வேண்டும் என்றால் நேராக 2000-த்தில் தொடங்கக் கூடாது. 500, 1000, 2000 என்று படிப்படியாக வர வேண்டும். இல்லாவிட்டால் பழைய கீறல்கள் அடியில் அப்படியே இருக்கும், மேலே மட்டும் புதிதாகத் தெரியும். தடத்தை மட்டும் தேய்ப்பது பயனற்றது, போட்டி விதிகளுக்கும் முரண்.

இரண்டாவது காரணம் உறிஞ்சிய எண்ணெய். ரியாக்டிவ் கவரில் நுண்துளைகள் உண்டு. துடைக்காமல் விட்ட எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெய் வளையங்களைத் துடைப்பதும், ஆட்டம் முடிந்ததும் பந்து இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பவுலிங் பந்துக்கான கிளீனரால் கழுவுவதும் செய்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசி அங்கீகரித்த போட்டிகளில் 2019 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டத்தின் நடுவே எந்தத் திரவத்தையும் பயன்படுத்தக் கூடாது, உலர்ந்த துணி மட்டுமே. அப்ரலானும் போட்டி தொடங்கியபின் பைக்குள் இருக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே இறங்கிய எண்ணெயை வெளியே எடுக்க: விரல் துளைகளை நீர் புகாத டேப்பால் மூடுங்கள். வாளியில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் நீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளிகள். தெர்மாமீட்டர் வையுங்கள், 60-ஐத் தாண்ட விடாதீர்கள். 20 நிமிடம் ஊறியபின் எடுத்து உடனே துடைத்தால் துணியில் மஞ்சள் பிசுக்கு தெரியும். துணி சுத்தமாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். 12 பவுண்டுக்கும் அதற்கு மேலும் எடையுள்ள பந்து மூழ்கும். 11-ம் அதற்குக் கீழும் மிதக்கும், அவற்றை அடிக்கடி புரட்டிவிட வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு நாள் காயவிட்டு, பிறகு மேலே சொன்னபடி தேய்க்க வேண்டும். வெந்நீர்க் குளியல் பழைய மேற்பரப்பைத் திருப்பித் தராது. அடுப்பு, முடி உலர்த்தி, வெயிலில் நிற்கும் காரின் டிக்கி மூன்றும் பந்தில் விரிசல் விழவைக்கும். கரைப்பான்களை வீட்டில் முயலாதீர்கள், கவரின் கடினத்தன்மையே மாறிவிடும்.

தேய்த்தும், எண்ணெய் எடுத்தும் பலனில்லை என்றால் திரும்பி வந்த பந்தின் எண்ணெய் வளையங்களைப் பாருங்கள். விசிறிபோல விரிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய கவர் தரையைத் தொடுகிறது. எல்லாம் ஒரே தடித்த பட்டையாக ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் பந்து தன் எண்ணெயிலேயே உருள்கிறது. துளையிட்ட அமைப்பு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. வளையம் விரல் துளையின் மேல் ஏறினாலும் அதே கதி. லேனில் ‘டக் டக்’ என்ற சத்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் துணியும் பேடும் போதாது. துளைகளை அடைத்து, உங்கள் அச்சுப் புள்ளியை (நீங்கள் வீசும் பந்து சுழலும் அச்சின் முனை) அளந்து மறுபடி துளையிடும் கடைக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி: ஸ்ட்ரைக் நன்றாக விழுகிறது, 10-ம் பின் ஸ்பேர் (மிச்சம் நின்றதை இரண்டாவது வீச்சில் அடிப்பது) மட்டும் தப்புகிறது

ரியாக்டிவ் பந்தால் மூலைப் பின்னை அடிக்கிறீர்கள். லேன் உலர உலர அந்தப் பந்து தினமும் வேறு இடத்தில் திரும்பும். பாலிஷ் போட்ட பிளாஸ்டிக் பந்துக்கு எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை. இடப்பக்கம் நின்று நடு அம்புக்குறி வழியாகக் குறுக்கே, மணிக்கட்டைத் திருப்பாமல் நேராக வீசுங்கள். ஹவுஸ் அமைப்பில் அந்தக் குறுக்குப் பாதை அடர்ந்த எண்ணெயைத் தாண்டிப் போவதால் திரும்புவதற்கு இடமே கிடைக்காது. பிளாஸ்டிக் பந்தும் 10-க்கு இடப்பக்கமாக வளைந்தால் அதன் பளபளப்பு போய்விட்டது: 3000-இல் ஒருமுறை தேய்த்து மறுபடி பாலிஷ் போடுங்கள்.